கோல்டு ஆன அரைவேக்காடு

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கேம் பக்கமே போகாதவங்களும் தாராளமா படிக்கலாம், ஏன்னா பாதிக்கு மேல கணக்கு வழக்குதான் பேசப்போறேன். பி.காம் படிக்கிறவன் வேற என்னத்தைப் பேசுவான் :)

2020 அக்டோபர் 5-ம் தேதி போலந்து நாட்டு சிடி ப்ராஜெக்ட் கம்பெனி ஒரு சேதி சொன்னது. 2012-ல் அறிவித்து எட்டு வருஷமாகக் காத்திருக்க வைத்த சைபர்பங்க் 2077 என்ற கேம் 'கோல்டு' ஆகிவிட்டது. இந்தத் தொழிலில் கோல்டு என்றால் முடிந்தது என்று அர்த்தம். தொழிற்சாலைக்குப் போய் லட்சக்கணக்கில் பிரதி எடுக்கப்படும் கடைசி மூலத் தட்டுக்கு சிடி காலத்திலேயே கோல்டு மாஸ்டர் என்று பேர். அது கையை விட்டுப் போனால் போனதுதான். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போன மாதிரி, அதுக்கப்புறம் மாப்பிள்ளை பேரில் பிழை இருந்தாலும் திருத்த முடியாது.

சரியாக 22 நாள் கழித்து, அக்டோபர் 27-ம் தேதி, அதே கம்பெனி வெளியீட்டை இன்னும் 21 நாள் தள்ளி வைத்தது. முடிந்துபோன கேமுக்கு எதுக்குய்யா 21 நாள்? விஷயம் என்னன்னா, டிஸ்க் போயாச்சு, ஆனால் முதல் நாளே இன்டர்நெட்டில் இறக்கிப் போட்டுக்கொள்ள வேண்டிய பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற ஒட்டு, இன்னும் தயாராகவில்லை. கோல்டு என்ற வார்த்தைக்கு அர்த்தமே போய்விட்டது. அது எப்படிப் போச்சு, போனதுக்கு யார் காசு கொடுத்தாங்க என்பதுதான் இங்கே பேச்சு.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி, என்பது ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு கதைக்குள் பல பத்து மணி நேரம் வாழ்வது. யாரிடம் என்ன பேசுகிறீர்கள், யாரைக் கொல்கிறீர்கள், யாரை விட்டுவிடுகிறீர்கள் என்பதை வைத்துக் கதை கிளை பிரியும். பத்து இடத்தில் இரண்டிரண்டு வழி இருந்தாலே 1,024 பாதை ஆகிவிடும். அத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து ஆடிப் பார்த்துச் சரிபார்ப்பது என்பது மற்ற கேம்களை விடப் பெரிய தலைவலி. அதனால்தான் தரம் இறங்கினால் முதலில் இங்கே தெரிகிறது.

இப்போ "அந்தக் காலத்துல வந்த கேம் எல்லாம் தங்கம், இப்ப எல்லாம் குப்பை" என்று ஒரு புலம்பல் எல்லா இடத்திலும் கேட்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1987-ல் ஜப்பானின் ஸ்கொயர் கம்பெனி வெளியிட்ட முதல் பைனல் ஃபேண்டஸியையே எடுத்துக்குங்க. அதில் மந்திரவாதிக்கு அறிவு என்று ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. புள்ளி ஏறினால் மந்திரத்தின் வலு கூட வேண்டும். ஏறவே ஏறாது! நிரலில் அந்தக் கணக்கு எங்கேயும் போய்ச் சேரவில்லை. தாக்கும் பலத்தைக் கூட்டுவதற்கென்று இருந்த இரண்டு மந்திரங்கள் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். மந்திரம் பலிக்காத மந்திரவாதியை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆடித் தீர்த்திருக்கிறார்கள், கண்டுபிடிக்காமலே.

ஆனால் ஒன்று கவனியுங்க. அந்தப் பிழைகளோடும் கேமை ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை ஆடி முடிக்க முடிந்தது. காரணம் ஸ்கொயர்காரர்கள் புண்ணியவான்கள் என்பதல்ல. கேம் ஒரு கார்ட்ரிட்ஜ் சிப்புக்குள் பொறிக்கப்பட்டு வந்தது. நிண்டெண்டோவின் உரிமம் வாங்கிய பெரும்பாலான கம்பெனிகள் அந்தக் கார்ட்ரிட்ஜ்களை நிண்டெண்டோவிடமே முன்பணம் கட்டி வாங்க வேண்டும். பாதியில் நின்றுபோகிற கேமை அச்சடித்துவிட்டால் அந்தச் சரக்கு முழுவதும் குடோனில் தூங்கும், முன்பணம் போனது போனதுதான். பிழையின் விலை விற்றவன் தலையில் விழுந்தது. அதனால் தலையைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்காவது சோதித்துப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டரில் கதை வேறு. 1996-ல் பெதஸ்டா வெளியிட்ட டேகர்ஃபால் பிரமாண்டத்துக்குப் பேர் போனது. ஊர், கிராமம், பாதாளக் குகை என்று 15,000 இடங்களுக்கு மேல். அதே அளவுக்குப் பிழைக்கும் பேர் போனது. குகைக்குள் நடந்துகொண்டிருக்கும்போதே சுவருக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாக உலகத்துக்கு வெளியே உள்ள சூனியத்தில் விழுந்துவிடலாம். அப்புறம் ஏற வழியே கிடையாது. கம்பெனி பேட்ச் போட்டது. அதில் ஒரு தமாஷ், விழுந்தவர்கள் கீபோர்டில் இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினால் கடைசியாக நின்ற தரைக்குத் திரும்பலாம் என்று ஒரு வசதியே செய்து கொடுத்தார்கள். ஓட்டையை அடைக்க முடியாதவன் கயிறு கட்டிவிட்ட கதை. ஆனால் டேகர்ஃபாலை என்னால் திட்ட முடியவில்லை. யாரும் செய்யாத ஒன்றைச் செய்யப்போய் விழுந்தவர்கள் அவர்கள்.

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பக்கம் 1999. அல்டிமா என்பது 1981-லிருந்து வந்துகொண்டிருந்த வரிசை, ஆர்.பி.ஜி-க்கெல்லாம் தாத்தா. அதன் ஒன்பதாவதும் கடைசியுமான பாகம் அந்த வருஷம் நவம்பரில், கிறிஸ்துமஸ் விற்பனையைப் பிடிக்கிற அவசரத்தில் வெளிவந்தது. உருவாக்கியது ஆரிஜின், அதற்கு முதலாளி எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ். நல்ல கம்ப்யூட்டரிலேயே திணறியது, நடுவில் நின்றது, கதை முன்னேற முடியாமல் மாட்டிக்கொண்டது. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அப்போது பலரிடம் இருந்தது டெலிபோன் வழி இன்டர்நெட், பெரிய பேட்சை இறக்குவது சாமானிய வேலை இல்லை. அதனால் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கேமைப் பதிவு செய்திருந்த வாடிக்கையாளர்களுக்குத் திருத்திய சிடியைத் தபாலில் அனுப்பியது.

தபாலில்! அதைக் கணக்கு நோட்டில் எழுதிப் பாருங்க. மறுபடி சிடி அடிக்கிற செலவு, உறை, ஸ்டாம்ப், ஆள் கூலி. எல்லாம் கம்பெனியின் பற்று. அவசரப்பட்டதுக்கு இன்ன தொகை என்று ஒரு ரசீது கையில் இருந்திருக்கும். அடுத்த தடவை மார்க்கெட்டிங் ஆள் வந்து "கிறிஸ்துமஸுக்கே விட்டுடலாம்" என்றால் எதிரே அந்த ரசீதை வைக்கலாம். எங்கள் அக்கவுண்ட்ஸ் பாடத்தில் இதை உத்தரவாதச் செலவு என்பார்கள். விற்ற பொருள் பழுதாகி வரும் என்று தெரிந்தால், விற்ற வருஷத்து லாபத்திலேயே அதற்கு ஒரு தொகையை ஒதுக்கி வைக்கணும். மிக்ஸி கம்பெனி செய்கிறது, ஃபேன் கம்பெனி செய்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ரசீது கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போன கதை.

2004 நவம்பர், டிசம்பரில் அடுத்தடுத்து இரண்டு கேம் வந்தன. ட்ராய்கா செய்த வாம்பயர் ப்ளட்லைன்ஸ் ஒன்று. எழுத்து அற்புதம், நிரல் பரிதாபம். ஹாஃப் லைஃப் 2 வெளிவந்த அதே நாளில் வந்து நசுங்கியது, 2005 பிப்ரவரியில் கம்பெனியே மூடப்பட்டது. இன்னொன்று அப்சிடியன் செய்த ஸ்டார் வார்ஸ் கேம், நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்கின் இரண்டாம் பாகம். பண்டிகை விற்பனைக்கு முடித்தே ஆகவேண்டும் என்று ஒரு முழு கிரகத்தையும், பல பாத்திரங்களின் முடிவையும் வெட்டிப் போட்டார்கள். கடைசி ஒரு மணி நேரம், ரீல் பாதி தொலைந்த படம் பார்க்கிற மாதிரி இருக்கும்.

இந்த இரண்டையும் பிறகு சரிசெய்தது யார்? ரசிகர்கள். வாம்பயருக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு ரசிகர் வருஷக்கணக்காகப் பேட்ச் போட்டுக்கொண்டே வந்தார். ஸ்டார் வார்ஸ் கேமுக்கு, டிஸ்க்குக்குள் மிச்சம் கிடந்த வசனத்தையும் காட்சியையும் தோண்டியெடுத்து ஒரு குழு ஒட்டவைத்தது. இவர்களுடைய உழைப்பு எந்தக் கம்பெனியின் சம்பளப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அந்தக் கேம்களை இன்றைக்கும் விற்க முடிகிறது என்றால் அந்த உழைப்பால்தான்.

அப்புறம் கன்சோல் பெட்டிகளில் ஹார்டு டிஸ்க்கும் இன்டர்நெட் கேபிளும் பரவலாயின. 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360, அடுத்த வருஷம் பிளேஸ்டேஷன் 3. கார்ட்ரிட்ஜ் காலத்திலிருந்து கன்சோல்காரர்களுக்கு இருந்த பயம், வெளியே போனால் திருத்த முடியாது என்ற பயம், அன்றைக்குப் போச்சு. 2006 ஏப்ரலில் பெதஸ்டா தன்னுடைய ஆப்ளிவியனுக்கு இந்தப் பாதை வழியாக இரண்டரை டாலருக்கு ஒரு குதிரைக் கவசம் விற்று ஊர் சிரிக்க வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனால் பலரும் வாங்கினார்கள் என்பதுதான் வேடிக்கை. அந்தக் கவசத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுவோம். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமான எண் 84.

2010 அக்டோபரில் வந்தது ஃபால்அவுட் நியூ வேகாஸ். செய்தது அதே அப்சிடியன், ஏறத்தாழ ஒன்றரை வருஷத்தில். வெளியிட்டது பெதஸ்டா. வந்த முதல் வாரம் பிழை மழை. மெட்டாகிரிட்டிக் என்ற தளம் பத்திரிகை விமர்சனங்களின் மதிப்பெண்களைச் சராசரி எடுத்துப் போடும். அதில் 85 வாங்கினால் அப்சிடியனுக்கு போனஸ் என்று ஏற்பாடு. வாங்கியது 84. போனஸ் இல்லை. 2012-ல் அதன் எழுத்தாளர்களில் ஒருவரான கிரிஸ் அவெல்லோனே இதை வெளியே சொன்னார்.

ஒரு மார்க்கில் போச்சே என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கு உறுத்துவது வேற. விமர்சகர்கள் கேமை ஆடுவது வெளியீட்டுக்கு முன்னும் பின்னும் சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களில் அவர்கள் கண்ணில் படுகிற தரத்துக்குத்தான் பணம். ஐம்பதாவது மணி நேரத்தில் உங்களுடைய சேவ் ஃபைல் கெட்டுப்போனால் அது எந்த மதிப்பெண்ணிலும் ஏறாது. அடுத்த வருஷமே இதற்கு உதாரணம் வந்தது. 2011 நவம்பர் 11-ல் வெளியான ஸ்கைரிம், பிளேஸ்டேஷன் 3-ல் ஆட ஆட சேவ் ஃபைல் பெருத்து, படம் நத்தை மாதிரி ஊர ஆரம்பித்தது. அதிகமாக ஆடியவனுக்குத்தான் அதிக அவஸ்தை. அதற்குள் மதிப்பெண்ணும் வந்துவிட்டது, விருதும் வந்துவிட்டது.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு பெரிய கேமின் விலை 2005 வாக்கில் 60 டாலர். 2020 வரைக்கும் அதே 60. நடுவில் செலவு எங்கேயோ போய்விட்டது, நூறு பேர் செய்த வேலைக்கு ஐந்நூறு பேர் தேவைப்பட்டார்கள். ஒரு மாசம் தள்ளிப்போட்டால் ஒரு மாசச் சம்பளம் தண்டம். அதனால் தேதி தெய்வம் ஆகிவிட்டது. 2017-ன் மாஸ் எஃபெக்ட் ஆண்ட்ரோமீடா ஐந்து வருஷம் எடுத்துக்கொண்ட கேம், ஆனால் ஜேசன் ஷ்ரையர் விசாரித்து எழுதிய கட்டுரையின்படி அதன் பெரும்பகுதி கடைசி ஒன்றரை வருஷத்தில்தான் செய்யப்பட்டது. முதல் வருஷங்கள் ஒத்துவராத யோசனைகளிலும், துப்பாக்கிச் சண்டை கேமுக்கென்று உருவான ஒரு என்ஜினோடு மல்லுக்கட்டுவதிலும் போச்சு. பாத்திரங்களின் முகம் பொம்மை மாதிரி இழுத்துக்கொண்டது, உலகமே கேலி செய்தது. ஐந்து மாசத்தில் இனி கதைப் பகுதிக்கு அப்டேட் கிடையாது என்று மூட்டை கட்டினார்கள்.

2018-ன் ஃபால்அவுட் 76 பற்றி ஒரே ஒரு சின்ன விஷயம். பேசக்கூட மனிதர்கள் இல்லாத உலகத்தோடு வந்தது என்பதெல்லாம் இருக்கட்டும், பையைப் பாருங்க. 200 டாலர் சிறப்புப் பதிப்பு வாங்கினால் கேன்வாஸ் பை தருகிறோம் என்று விளம்பரம். பெட்டியைப் பிரித்தால் நைலான் பை. கேட்டதற்கு, கேமுக்குள் செலவழிக்க 5 டாலர் மதிப்புள்ள டோக்கன் தருகிறோம் என்றார்கள். கூச்சல் பெரிதானதும் கடைசியில் கேன்வாஸ் பையை அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். நிரலில் இருக்கிற பிழையை ஆயிரம் சாக்கு சொல்லி மழுப்பலாம். பையை மழுப்ப முடியவில்லை, ஏனென்றால் பை கையில் இருக்கிறது.

சரி, சைபர்பங்குக்கு வருவோம். சிடி ப்ராஜெக்டின் பூர்வீகம் தெரிந்தால்தான் இந்த விழுக்காடு எவ்வளவு பெரிது என்று புரியும். 1994-ல் வார்சாவில் இரண்டு நண்பர்கள் ஆரம்பித்த கடை. வெளிநாட்டு சிடிகளை வாங்கி விற்பது தொழில். போலந்தில் அப்போது திருட்டு சிடி கொடி கட்டிப் பறந்தது. 1999-ல் பால்டர்ஸ் கேட் என்ற ஆர்.பி.ஜி-யைப் போலிஷ் மொழியில் கொண்டுவந்தார்கள். திருட்டு சிடியோடு விலையில் போட்டி போட முடியாது. அதனால் தேர்ந்த நடிகர்களைப் பேச வைத்து, பெட்டிக்குள் வரைபடம், விதிப் புத்தகம், இசை சிடி எல்லாம் வைத்து, அதிக விலைக்கே விற்றார்கள். முதல் நாளே 18,000 பிரதிகள் போயின. திருடனை ஜெயிக்கத் தரம் ஒன்றுதான் வழி என்று கடையின் அஸ்திவாரத்திலேயே எழுதிய ஆட்கள். 2007-ல் சொந்தமாக தி விட்சர் செய்தார்கள். குறைகள் இருந்தன. அடுத்த வருஷம் வசனம் வரைக்கும் திருத்தி, முன்பே வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். 2015-ல் விட்சர் 3 வந்தபோது ரசிகர்கள் இவர்களைத் தலையில் வைத்து ஆடினார்கள்.

அந்த நம்பிக்கைதான் 2020-ல் பணமாக மாறியது. 80 லட்சம் பேர் சைபர்பங்க்கைப் பார்க்காமலே முன்கூட்டிக் காசு கட்டினார்கள். டிசம்பர் 10-ல் கேம் வெளியான கையோடு கம்பெனி முதலீட்டாளர்களுக்கு ஒரு அறிக்கை விட்டது. டிஜிட்டல் முன்பதிவிலிருந்து வரவேண்டிய வருமானம் மட்டுமே, கேமின் மொத்தத் தயாரிப்புச் செலவையும் அந்த வருஷ விளம்பரச் செலவையும் தாண்டிவிட்டது என்று. அந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன். ஒருத்தரும் ஒரு மணி நேரம்கூட ஆடிப் பார்த்துச் சரி என்று சொல்வதற்கு முன்னாலேயே போட்ட காசு வந்துவிட்டது.

கேமின் நிலைமை? 2013-ல் வந்த பழைய பிளேஸ்டேஷன் 4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது ஓடவில்லை, தவழ்ந்தது. அடிக்கடி அணைந்துபோனது. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும், அதிலும் தாங்கள் எடுத்த வீடியோவைக் காட்டக்கூடாது என்று நிபந்தனை. முதல் மதிப்பெண்கள் 90-ஐ ஒட்டி வந்தன. கன்சோல்காரர்கள் டிஸ்க்கைப் போட்ட பிறகுதான் உண்மையைப் பார்த்தார்கள். பழைய கன்சோல்களுக்கு இன்னும் அவகாசம் வேண்டும் என்ற எச்சரிக்கைகளைத் தாங்கள் பொருட்படுத்தவில்லை என்று நிர்வாகமே பிறகு முதலீட்டாளர்களிடம் ஒத்துக்கொண்டது. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்து கேமைத் தூக்கியது, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பியது. 2021 ஜூன் வரை அது திரும்ப அலமாரிக்கு வரவில்லை. இவ்வளவு பெரிய கேமுக்கு இப்படி ஒரு அவமானம் அதற்கு முன்னால் நடந்ததில்லை.

இப்போ நோட்டைத் திறங்க. 2020 முடிவதற்குள் விற்றது 1 கோடியே 37 லட்சம் பிரதிகள். கம்பெனி நேரடியாக நடத்திய திட்டத்தில் பணம் திரும்பப் பெற்றவை ஏறத்தாழ 30,000. (சோனியும் மைக்ரோசாஃப்டும் தனியாகத் திருப்பியது இதில் சேராது.) அமெரிக்காவில் முதலீட்டாளர்கள் போட்ட வழக்கை 18.5 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டார்கள். பங்கு விலை சில மாதங்களிலேயே பாதிக்கும் கீழே போச்சு, உண்மைதான், அது பெரிய அடி. ஆனால் கவனியுங்க, வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்கியது பங்கு வாங்கினவர்கள். கேம் வாங்கினவர்கள் இல்லை.

கம்பெனி அதன் பிறகு உழைத்தது, அதை மறைக்கக்கூடாது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் பாதிக் கேமையே மாற்றி எழுதியது. அதே மாதம் வந்த கூடுதல் கதைக்குப் பாராட்டு குவிந்தது. 2024 நவம்பரில் விற்பனை 3 கோடியைத் தாண்டியது. "பாத்தீங்களா, எழுந்துட்டாங்க" என்று ரசிகர்கள் மறுபடி கொண்டாடினார்கள்.

"இன்றைக்கும் ஒழுங்காகச் செய்ய முடியாதா?" என்று கேட்டால், முடியும். பெல்ஜியத்தின் லாரியன் 2023 ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் 3-ஐ வெளியிட்டது. முதல் பகுதியை மட்டும் 2020-லிருந்தே விற்று, வாங்கியவர்களை வைத்தே மூன்று வருஷம் சோதித்தது. ஆனால் இது முடியாத கேம் என்று முகத்துக்கு நேரே சொல்லி விற்றது. எக்ஸ்பாக்ஸ் பதிப்பு சரியாக வரவில்லை என்றதும் டிசம்பர் வரை வெளியிடவே இல்லை. மூன்றாம் பகுதியில் அதற்கும் பிழைகள் இருந்தன, இல்லாமல் இல்லை. லாரியன் பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி, வெளியீட்டாளரும் அதுவே. தேதியைத் தள்ளிப்போட்டால் பதில் சொல்லவேண்டிய காலாண்டு அறிக்கை கிடையாது. இதை வைத்துப் பங்குச் சந்தைதான் வில்லன் என்று தீர்ப்பு எழுத எனக்குத் துணிச்சல் இல்லை, ஒரே ஒரு உதாரணம் பத்தாது. ஆனால் சந்தேகம் இருக்கிறது.

2.0 அப்டேட் பற்றி ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அது பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவில்லை. 2022 செப்டம்பரில் வந்த 1.6-தான் அந்தப் பெட்டிகளுக்குக் கடைசிப் பெரிய அப்டேட். கூடுதல் கதையும் அங்கே கிடையாது. பிளேஸ்டேஷன் 5 பதிப்பு பழையவர்களுக்கு இலவசம்தான், ஆனால் அதைப் போட, அப்போது 500 டாலர் விலை இருந்த பெட்டி வேண்டியிருந்தது. 80 லட்சம் முன்பதிவில், பழைய பெட்டி வைத்துக்கொண்டு முதல் ஆளாகக் காசு கட்டி, அந்த முதலைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருந்தார்களே, அவர்கள் அலமாரியில் இருக்கிற டிஸ்க்கில் இன்றைக்கும் இருப்பது 2020 அக்டோபர் 5-ல் கோல்டு என்று சொன்ன அதே கேம்.